மச்சான் அடைத்த தோட்டா

கொதிக்கிற கம்போக் குழம்புச் சட்டியின் மேல் கை நீட்டி க்ளோவிஸ் சத்தியம் செய்திருக்கிறார்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

லூசியானாச் சதுப்பில், விடிகிற நேரம், அவரும் மச்சான் அல்சீத்தும் கோரைக்குள் படகை ஒளித்துவிட்டுக் குந்தியிருந்தார்கள்.

க்ளோவிஸ் கையில் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி. குழல் மெலிசு. எஃகுக் குண்டைப் போட்டால் வீங்கிவிடும். ஈயத்துக்கோ வாத்து வேட்டையில் தடை. மிச்சம் பிஸ்மத் என்கிற உலோகக் குண்டுதான். அதைத் தோட்டாவில் அடைத்துக் கொடுப்பது அல்சீத்.

கிளுவை வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் வந்தது. இரண்டு குழலையும் காலி செய்தார்.

ஒன்றுகூட விழவில்லை.

விழாதது பரவாயில்லை. திரும்பி வந்தன. வாயைத் திறந்துகொண்டு, வரிசையாக. மறுபடியும் சுட்டார். ஒரு கிளுவைக்கு விக்கலெடுத்து, தண்ணீர் குடிக்க இறங்கியது.

அந்த நேரம் பார்த்து வேட்டைக் காவலரின் படகு வந்தது. காவலர் காந்தத்தைத் தோட்டாவில் வைத்தார். ஒட்டவில்லை. எஃகில்லை என்றால் ஈயமோ என்று கத்தியால் கீறினார்.

உள்ளங்கையில் கொட்டியது அரிசி. நீள அரிசி. கல்கூடப் பொறுக்கியிருந்தது.

"மச்சான்... நாப்பது வருசம்டா!" க்ளோவிஸுக்குக் குரல் உடைந்தது.

"நாப்பது வருசத்துல நீ என்னைக்குடா ஒண்ண அடிச்ச? பிஸ்மத் விக்கிற விலைக்கு உனக்கு அரிசியே அதிகம்!"

வாத்துக்குத் தீனி வீசிச் சுடுவதும் குற்றம்தான். க்ளோவிஸ் மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் அல்சீத் வீட்டுப் படி ஏறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் வேறு பெஞ்சு. துரோகியின் பக்கத்தில் மண்டியிட்டு எப்படி ஜெபிப்பது என்று கேட்பார். கேட்கும்போது கண் நிஜமாகவே கலங்கும்.

அன்று காவலர் எழுதிய குற்றச்சீட்டு அல்சீத்திடம் இருக்கிறது. அதில் அரிசி என்ற சொல்லே இல்லை. குண்டைக் குறடால் நசுக்கியபோது பிஸ்மத் போல நொறுங்கவில்லை, ஈயம் போலத் தட்டையானது என்றிருக்கிறது. 'அடைத்துக் கொடுத்தது இவன்' என்று க்ளோவிஸ் விரல் நீட்டியதும், அல்சீத் மறுக்காததும் இருக்கிறது. வேட்டை உரிமம் போனது அல்சீத்துக்கு.

தோட்டா அடைக்கும் கருவி அந்த ஊரில் ஒன்றுதான். அது க்ளோவிஸின் கொட்டகையில் இருக்கிறது.