மூன்று வாளிச் செடிகள்

போலீஸ் ஜீப் வாசலில் நின்றதும் தோலகேலே வீட்டின் பின்பக்கம் ஓடினாள். பழைய கழிப்பறையின் கதவை இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகை அழுத்தி நின்றுகொண்டாள்.

“உள்ள யாரும்மா?” என்றபடி வந்தார் சார்ஜன்ட் டெம்பே. வடக்கே மொசாம்பிக் எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்த உம்லாசிக் குடியிருப்பில் இருபது வருடமாகக் கஞ்சாச் செடி பிடுங்குகிறவர்.

“யாருமில்லைங்கய்யா. சுவரு இடிஞ்சு விழற மாதிரி இருக்கு. கிட்ட வராதீங்க.”

“இடியற சுவத்துக்கு நீங்க முட்டு குடுத்துட்டு நிக்கிறீங்களாக்கும்! ஸ்டேஷனுக்கு ஃபோன் வந்திருக்கும்மா. தள்ளுங்க.”

அவள் நகரவில்லை. அவர்தான் முழங்கையைப் பிடித்து நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தார்.

கூரை பறந்துபோன அந்தக் கழிப்பறைக்குள் மத்தியான வெயில் கொட்டிக் கிடந்தது. மூன்று பெயின்ட் வாளிகள். ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு ஒரு செடி. விரல் விரலாகப் பிரிந்த, ரம்பப் பல் வைத்த இலைகள். நுனியில் மொட்டு கட்டியிருந்தது.

வீட்டில் வளர்த்தால் குற்றமில்லை என்று கோர்ட்டு சொல்வதற்கு இன்னும் ஆறேழு வருடம் இருந்தது.

“சர்ச்சுக்கு அங்கி போட்டுக்கிட்டுப் போற பொம்பளை பண்ற வேலையாம்மா இது?”

“எங்க சபையில சிகரெட்டே ஆகாதுங்கய்யா. இந்தச் செடியை இதுக்கு முன்ன நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல. எம்பொண்ணுக்கு வலிப்பு. ஆறு வயசு. ஆஸ்பத்திரியில மருந்தை மூணு தடவை மாத்திப் பார்த்துட்டாங்க. நிக்கல. இதுக்குமேல எங்ககிட்ட ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

அதற்குப் பிறகுதான் பஸ் நிலையத்தில் வேர் மருந்து விற்கிறவன் ஒருவன் ஒன்பது விதைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். பதிலுக்கு அவளுடைய தையல் மெஷினை எடுத்துக்கொண்டான். சபைக்கு அங்கி தைத்துத்தான் அவள் அடுப்பு எரிந்தது.

வளர்க்கும் முறையையும் அவன்தான் சொன்னான். வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை. பாதி ஆற்று மணல், பாதி கறுப்பு மண், மக்கிய கோழி எரு இரண்டு கை. மேலே காய்ந்த புல் மூடாக்கு. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மொட்டு முற்றியதும் நிழலில் உலர்த்தி, எண்ணெயில் இளஞ்சூட்டில் இறக்கி, குழந்தையின் நாக்கடியில் இரண்டு சொட்டு.

ஒன்பதில் மூன்று முளைத்தன. நான்கு மாதம் அரிசி களைந்த தண்ணீரும் குழந்தை குளித்த தண்ணீரும் அவற்றுக்குத்தான் போயின. “மொட்டு விட்டா வாசம் தெருவையே தூக்கும், ஜாக்கிரதை” என்று அவன் எச்சரித்திருந்ததால், தினமும் சாம்பிராணிப் புல்லைக் கொளுத்திப் புகை போட்டாள். எந்த வாசமும் எழவில்லை. ஆண்டவர்தான் அடக்கி வைத்திருக்கிறார் என்று நம்பினாள்.

சமையலறையில் தட்டு விழும் சத்தம் கேட்டது. தோலகேலே ஓடினாள்.

மகள் அபீவே தரையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தாள். சோளக்களி பக்கத்தில் சிதறியிருந்தது. பின்னாலேயே வந்த டெம்பே தொப்பியைக் கழற்றிக் குழந்தையின் தலைக்கடியில் வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தார். துடிப்பு அடங்க நான்கு நிமிடம் ஆனது.

“விடிஞ்சதுலேருந்து இது ஒன்பதாவது” என்றாள், குழந்தையின் வாயைத் துடைத்தபடி.

அவர் எழுந்து மறுபடி கழிப்பறைக்குப் போனார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அவர் கை செடியின் தண்டில் இருந்தது.

“ஐயா, பிடுங்காதீங்க!” அப்படியே மண்டியிட்டுவிட்டாள். “என்னை இழுத்துட்டுப் போங்க. எத்தனை வருஷம் வேணா உள்ள வைங்க. செடியை மட்டும் தொடாதீங்க. இன்னும் பதினஞ்சே நாள். எண்ணெய் இறக்கி என் தங்கச்சி கையில குடுத்துட்டு நானே ஸ்டேஷனுக்கு வந்துடறேன். இவமேல சத்தியம்.”

தண்டில் இருந்த முள் சுருக்கென்று குத்த, டெம்பே கையை எடுத்தார். குனிந்து மொட்டை உற்றுப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். மூன்று செடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“விதை குடுத்தவன் யாரு?”

“பேரு தெரியாதுங்கய்யா. இப்ப அந்தப் பக்கமே காணோம். அவன் நல்லா இருக்கட்டும், அவனை விட்டுடுங்க. என்னைப் பிடிங்க.” ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி மற்ற மணிக்கட்டை நீட்டினாள்.

அவர் விலங்கை எடுக்கவில்லை. அங்கே கிடந்த காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

தோலகேலேயின் முகம் மலர்ந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். “விட்டுடறீங்களா? ஐயா, நிஜமாவே விட்டுடறீங்களா? உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!”

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

“அம்மா… இது எங்க ஊர்ப் புளிச்சக்கீரை.”