பந்தில் எழுதிய நம்பர்

"ஏழு" என்றார் பாத்திரக்கடை முதலாளி.

கோச் வீசிய பந்தில் ஏழுதான் எழுதியிருந்தது. அதைச் சொல்லிவிட்டு நிதானமாக மட்டையை வீசினார். அதற்குள் பந்து தரையில் இரண்டு தடவை பட்டு எழும்பியிருந்தது. அடி என்னவோ தங்கமான அடிதான்; ஆனால் டென்னிஸில் ஒரு தடவை பட்டதுமே அடித்துவிட வேண்டும். இரண்டாவது தடவை பட்ட பந்து செல்லாக்காசு.

"கைல கோளாறு இல்ல முதலாளி, கண்ணுலதான்" என்றார் கோச். "பந்து வந்த சேதி கண்ணுலேர்ந்து கைக்குப் போறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சுடுது. கண்ணைப் பழக்கிட்டா சரியாயிடும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு மாசம்."

"பதினஞ்சு நாள்ல முடிச்சுக் குடுங்க தம்பி."

கோச் எவ்வளவோ மன்றாடியும் கடைசியில் இருபது நாளுக்குத்தான் படிந்தது. போட்டிக்கு முழுசாக ஒரு மாதம் இருந்தது என்பது வேறு விஷயம்.

போட்டி, மச்சினனோடு. மனைவியின் தம்பி, பத்து வயது இளையவன். கிளப்பில் வருடத்துக்கு ஒருமுறை இருவரும் மோதுவார்கள். தோற்றவர் ஜெயித்தவரை அடுத்த ஒரு வருடம், யார் இருந்தாலும், "குருவே" என்றுதான் கூப்பிட வேண்டும். போன வருடம் முதலாளி தோற்றிருந்தார். கடை ஆட்கள் முன்னால், மாமியார் முன்னால், ஒருநாள் பல் டாக்டர் வாய்க்குள் கருவியை வைத்திருந்தபோது வந்த போனில்கூட, "குருவே" சொல்லியாகிவிட்டது.

"என் தம்பியை மரியாதையாக் கூப்பிட்டா வாய் கோணிக்குமா?" என்று மனைவி வேறு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

பயிற்சி மும்முரமாக நடந்தது. சுற்றுகிற மின்விசிறியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்தார். ஓடுகிற பஸ்ஸின் நம்பரைப் படித்தார். மாடியில் நின்று வலக்கண், இடக்கண் என்று மாற்றி மாற்றி மூடித் திறந்தார்.

"எதிர்வீட்டம்மா ஜன்னலுக்குப் புதுசாத் திரை மாட்டியிருக்காங்க" என்றார் மனைவி. "அவங்க வீட்டுக்காரர் உங்களைத் தேடிட்டு வந்தாரு. கண்ணுப் பயிற்சின்னு சொன்னேன். அப்படியான்னு கேட்டுட்டு, உங்க உயரம் என்ன, எடை என்னன்னு விசாரிச்சாரு."

அன்றிலிருந்து கண் பயிற்சி கொல்லைப்புறத்துக்கு மாறியது.

ஒருநாள் கோச் கடைக்கே போனார். கம்பெனி ஏஜென்ட் ஒருவர் குக்கருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி காது கேளாதவர் மாதிரி விட்டத்தைப் பார்த்தார். ஏஜென்ட் விலையைக் குறைத்து இன்னொரு தடவை சொன்னார். முதலாளி தலையசைத்துவிட்டு, அதே மூச்சில் உள்ளே குரல் கொடுத்தார்.

"மேல் தட்டுல மூணாவது குண்டான் நசுங்கியிருக்கு பாரு. இறக்கி வை."

கோச் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். கழுத்தோரம் கடுகளவு நசுங்கல் இருந்தது. அவருக்குப் புல்லரித்துவிட்டது. இந்தக் கண்ணுக்குப் பந்து பூசணிக்காய் மாதிரித் தெரியுமே, மச்சினன் கதை முடிந்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

போட்டியன்று கிளப்பே திரண்டு வந்திருந்தது. மச்சினன் முதல் பந்தை வீசி அடித்தான். முதலாளி பந்துக்கு முன்னாலேயே சரியான இடத்தில் போய் நின்றார். "மூணு" என்று பந்தில் அச்சடித்திருந்த பொடி நம்பரைச் சத்தமாகப் படித்தார். பந்து தரையில் பட்டு அவர் இடுப்புக்கு எழும்பி வந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். பந்து மறுபடி தரையில் பட்டு எழும்பியது. அப்போது விட்டார் ஓர் அடி, மச்சினனின் காதோரம் சீறிக்கொண்டு போனது.

"பாயிண்ட் எனக்கு மாமா" என்றான் அவன்.

அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஆறுக்குப் பூஜ்யம், மறுபடி ஆறுக்குப் பூஜ்யம். மச்சினன் வலைக்கு மேல் கையை நீட்டி, காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தான்.

"வாழ்த்துகள்..." முதலாளி மென்று விழுங்கினார். "...குருவே."

கூட்டம் கலைந்ததும் கோச் அவர் பக்கத்தில் வந்து பெஞ்சில் சரிந்தார். "இனிமே எவன் என்கிட்ட பயிற்சிக்கு வருவான்? பந்து கண்ணுக்கே தெரியலையா முதலாளி?"

"ஏன் தெரியாம? நாலாம் நம்பர் பந்துல ஒரு ஓரமாப் பஞ்சு பிரிஞ்சிருக்கு. அவன் மட்டையை விட்டுப் பந்து கிளம்புறப்பவே வலமா இடமான்னு தெரிஞ்சுபோச்சு. போய் நின்னேனா இல்லையா?"

"நின்னீங்க. ரெண்டாவது தடவை பட்டா பாயிண்ட் போயிடும்னு தெரியும்ல?"

"அது தெரியாமலா இத்தனை வருஷம் ஆடறேன்?"

"அப்போ முதல் தடவை கைக்கு வாகா எழும்பி வந்துச்சே, அப்பவே அடிச்சிருக்கலாமே?"

முதலாளி அக்கம்பக்கம் பார்த்தார். மச்சினன் தூரத்தில் யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தான். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"முதல் தடவை வந்ததுமே எடுத்துட்டா, நமக்கு அவசரம்னு அவனுக்குத் தெரிஞ்சுடாதா தம்பி?"