காற்றுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

"நாப்பதைத் தாண்டாத வண்டிக்கு எதுக்குண்ணே இம்புட்டு ஒசர விண்ட்ஷீல்டு?"

கேட்டுக்கொண்டே மெக்கானிக் நிலவழகன் ஹேண்டில் பாரில் கிளாம்பை வைத்து முறுக்கினான். மணமேல்குடி கடைத்தெருவில் அவன் பட்டறை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஞானராஜ், அந்த அகலமான கண்ணாடியைக் கனவு காண்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெஞ்சுல காத்து அடிக்குது தம்பி. சளி."

பொய். அவனுக்கு இருந்தது சளி இல்லை, ஆசை.

அவன் மனைவி ஏஞ்சல் கோட்டைப்பட்டினத்தில் டீச்சர். தினமும் காலையில் அவன்தான் வண்டியில் கொண்டுபோய் விடுவான். கடற்கரைச் சாலையில் இருபது நிமிடம். வீட்டில் எட்டுப் பேர். அங்கே 'ஏங்க', 'சரிங்க', 'சாப்பிட வாங்க' என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ஆனால் வண்டி ஊரைத் தாண்டிச் சவுக்குத் தோப்பை எட்டியதும் அவன் முதுகுக்குப் பின்னால் பேச ஆரம்பித்துவிடுவாள். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நிறுத்தமாட்டாள்.

மெல்லிய குரல். அவள் கன்னத்துச் சூடு தோளில் தெரியும். சிரித்தால் முதுகு அதிரும். ஆனால் ஒரு சொல்கூடக் காதில் விழாது. கடல்காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து ஊளையிட்டு, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

பதினோரு வருடமாக அவன் 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறான்.

முதல் நாளே 'கேக்கலை' என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். புது மாப்பிள்ளைக் கூச்சத்தில் சொல்லவில்லை. அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? நல்லவேளையாக, 'அன்னைக்கே சொன்னேனே' என்று அவள் ஒருநாளும் அவனை மடக்கியதில்லை. தங்கமான மனசு என்று நினைத்துக்கொள்வான். ஆனால் இந்த வருஷம் அவனுக்குப் பொறுக்கவில்லை. கூடவே வாழ்கிறவள் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே கிழவனாகிவிடுவோமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

"ஏறி உக்காரு தம்பி, ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம். பின்னாடி இருந்து பேசிக்கிட்டே வா. சத்தமா வேணாம், மெதுவா."

"என்னண்ணே பேச?"

"எதையாச்சும் பேசு. காத்து நிக்குதான்னு பாக்கணும்."

நிலவழகன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏறினான். முதல் ரவுண்டில், கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டி வந்த காற்று நேராகக் காதில் மோதியது. பட்டறைக்குத் திரும்பி நட்டைத் தளர்த்தி, கண்ணாடியை இரண்டு விரல்கடை உயர்த்திச் சாய்த்தார்கள். இரண்டாவது ரவுண்டில், யாரோ கதவைச் சாத்தியதுபோல் காற்று அடங்கியது. பின்னாலிருந்து வந்த முணுமுணுப்பு தெளிவாகக் கேட்டது.

"...இந்த மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சு. ஒரு டீயாச்சும் வாங்கித் தருவாரா..."

"வடையும் சேத்து வாங்கித் தாரேன்டா!" என்று கூவினான் ஞானராஜ்.

மறுநாள் காலை. "கண்ணாடி நல்லாருக்குங்க. இனிமே சளி பிடிக்காதுல்ல?" என்றாள் ஏஞ்சல். மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

ஊர் முடிந்தது. சவுக்குத் தோப்பு வந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. சாலை முழுக்க வெள்ளை மூட்டம், அதற்குள் உப்பு வாசனை. வண்டி ஓடுகிறதா மிதக்கிறதா என்றே ஞானராஜுக்குத் தெரியவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

கன்னம் தோளில் சாய்ந்தது. அவள் ஆரம்பித்தாள்.

"டேய் ஞானராஜு..."

வண்டி ஒரு நொடி தடுமாறியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அவன் தன் பெயரைக் கேட்டதில்லை. அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை.

"நேத்து ஒன் அம்மா என் கொழம்பைக் கொறை சொன்னப்ப, நீ வாயைத் தொறக்காம மூணாவது தடவை ஊத்திக்கிட்ட பாரு, அப்ப ஒன்னையக் கட்டிப் பிடிச்சுக் கொஞ்சணும்போல இருந்துச்சுடா. எல்லாரும் இருந்தாங்க. அதான் ரசத்தை வச்சுட்டுப் போயிட்டேன்."

"ம்" என்றான் ஞானராஜ், பழக்க தோஷத்தில்.

முதுகு அதிர்ந்தது. அவள் சிரித்தாள்.

"இந்த 'ம்' இருக்கே! கல்யாணமான மறுவாரமே 'நான் ஓடிப்போகப் போறேன்'னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் 'ம்'னு சொன்ன. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, ஒனக்கு ஒண்ணும் கேக்காதுன்னு. அந்தத் தைரியத்துலதான்டா தெனமும் மனசைக் கொட்டுறேன். கேக்கும்னு தெரிஞ்சா, அன்னைக்கோட என் வாய் மூடிரும்."

ஞானராஜுக்குக் கண் கலங்கியது. காற்றுத்தான் காரணம் என்று இனிமேல் சொல்லவும் முடியாது.

சட்டென்று பேச்சு நின்றது. தோளிலிருந்து கன்னம் விலகியது.

"ஏங்க..." குரலை உயர்த்தினாள். அதே வீட்டுக் குரல். "காத்துச் சத்தத்தையே காணோம்? நான் பேசுறது ஒங்களுக்குக் கேக்குதுங்களா?"

ஞானராஜ் கண்ணாடிக்கு அப்பால் நீண்ட சாலையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு தலையைப் பாதி திருப்பி, தொண்டை கிழியக் கத்தினான்.

"என்ன சொன்ன? ஒரு எழவும் கேக்கலை! நிலவழகன் நல்லா ஏமாத்திப்புட்டான்!"

கன்னம் மறுபடியும் தோளில் வந்து சாய்ந்தது.