மேஜர் காதில் விழவில்லை

குதிரையிலிருந்து குதித்த பிரஷ்ய ஜெனரல் கெசன்புரோக், பாலத்தருகே சூப் குடித்துக்கொண்டிருந்த மேஜர் தீலோவிடம் கத்தினார்.

“பாலத்தை விட்டுட்டு உடனே பின்வாங்குய்யா!”

மேஜர் நிமிரவேயில்லை. பக்கத்தில் நின்ற கேப்டனைப் பார்த்து, “பீரங்கியெல்லாம் இங்கேயே இருக்கட்டும். உப்பு எங்கே?” என்றார்.

“என் உத்தரவு காதுல விழலையா? நாளைக்கு உன் பதவி இருக்காது!”

கேப்டன் மேஜரின் காதருகே குனிந்தார். “ஐயா, ஜெனரல்...”

“எந்த ஜெனரல்?”

எதிரிகள் பாலத்தில் ஏறினார்கள். பீரங்கிகள் முழங்கின. புகை விலகியதும் நடுவர் கொடியை உயர்த்தினார்.

“பாலம் மேஜர் தீலோவுக்கே! இந்த வருஷப் போர்ப் பயிற்சி முடிஞ்சது!”

எதிரிகளும் சிரித்தபடி சூப்புக்கு வந்து நின்றார்கள். மேஜர் எழுந்து ஜெனரலுக்கு சல்யூட் அடித்தார்.

“மன்னிக்கணும் ஐயா. நீங்க குண்டடிபட்டுச் செத்துட்டதா காலையிலேயே நடுவர் அறிவிச்சுட்டாரு. செத்தவர் உத்தரவைக் கேட்டிருந்தா, விதிப்படி நாம தோத்திருப்போம்.”

ஜெனரல் மீசையைத் தடவினார்.

“செத்தவன் சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கா?”

“இல்லீங்க ஐயா.”

“அப்போ எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்து. காலையிலேர்ந்து செத்துக் கிடக்கேன், பசி தாங்கலை.”