கழட்டிய சாமான்

ராஜமாணிக்கம் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஒரு காகிதப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது என் வண்டியில கழட்டுனதுதானா, வெண்மதி?"

வெண்மதி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

சிதம்பரத்தில் அவள் பேட்டரி ஸ்கூட்டருக்கு ரிப்பேர் கடை வைத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. புவனகிரி ராஜமாணிக்கம் அவளுக்கு மாமா முறை. அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் போதும், அந்த ஊரிலிருந்து அப்புறம் ஒரு வண்டி வராது.

போன வாரம் வந்தபோதே மனுஷன் கொதித்துக்கொண்டிருந்தார். வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போதெல்லாம் வண்டி பொசுக்கென்று நின்றுவிடுகிறதாம். மோட்டாருக்குப் போகிற மூன்று ஒயரிலும் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று உள்ளே ஒரு சிப் பார்த்துக்கொண்டே இருக்கும், அளவு மீறினால் அதுவே நிறுத்திவிடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்படி ஒரு நாட்டாமை என் வண்டிக்குத் தேவையில்லை, அதைப் பிடுங்கு, பிடுங்கியதை என் கையில் கொடு என்று ஒற்றைக் காலில் நின்றார். கழட்டிய சாமானைக் கண்ணால் பார்க்காமல் எந்த மெக்கானிக்கையும் அவர் நம்பியதில்லை.

அவள் பிடுங்கவில்லை. பின்சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டு இழுத்ததால்தான் கரண்ட் அளவு மீறியது. அதைச் சரிசெய்துவிட்டு, ஏதோ ஒரு வண்டியின் செத்த சர்க்யூட் போர்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வண்டியும் பாலத்தில் ஜம்மென்று ஏறியது. அவருக்குப் பரம திருப்தி.

"கேக்குறேன்ல, சொல்லும்மா."

"இல்ல மாமா. பொய் சொல்லிட்டேன். உங்க வண்டியில நான் எதையும் எடுக்கல."

அவர் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் வாசலில் நின்ற அவர் மனைவி ஞானாம்பாளை வெண்மதி கவனித்தாள். கழுத்தோரம் கயிறு அறுத்த மாதிரி சிவப்பாக ஒரு கோடு.

"நேத்து பாலத்து மேல இவ முந்தானை பின்சக்கரத்துல சுத்திக்கிச்சு. எனக்குத் தெரியல. நான் பாட்டுக்கு முறுக்கிக்கிட்டே இருக்கேன், சக்கரம் இறுகினதும் வண்டி தானா நின்னுடுச்சு." அவர் மனைவியின் கழுத்தைப் பார்த்தார். "உன்னைத் திட்டிக்கிட்டேதான் திரும்பிப் பாத்தேன்."

ஞானாம்பாள் உள்ளே வந்து வெண்மதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வெண்மதிக்கு அப்பாடா என்றிருந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

பொட்டலத்தைக் குப்பைக்கூடையில் போடப் போனாள். ராஜமாணிக்கம் தடுத்தார்.

"அதப் போடாத. நாளைக்கு என் மச்சான் செம்பியன் வண்டிய எடுத்தாருவான். அவனும் புடுங்கிப் போடுன்னுதான் நிப்பான். இதையே குடுத்து அனுப்பு."