நாலு கண்வலிப் பூ

கோதண்டம் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, கோணியில் சுற்றிக் கொண்டுவந்ததைக் குழிக்குள் இறக்கினார். எண்ணூர் கழிமுகத்தில் அந்தக் காலை வேளையில் ஆள் நடமாட்டமே இல்லை. அவசரமாக மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்தார்.

"எவனும் பாக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மண்ணுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது ஒரு செங்காந்தள் செடி. ஊர்க்காரர்கள் கண்வலிப் பூ என்பார்கள். மாதவரம் நர்சரியில் வாங்கியது. தொட்டியின் செம்மண் தெரியாதபடி மேலே கழிமுகத்தின் சாம்பல் நிற மண்ணைத் தூவி, கொடி சாயாமல் ஒரு குச்சியை ஊன்றிக் கோரைப்புல்லால் கட்டினார். பக்கத்தில் உடைந்த படகு ஒன்று கிடந்தது, நல்ல அடையாளம்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர், வாழ்க்கையில் செய்த முதல் திருட்டுத்தனம் இதுதான். வேறு வழி தெரியவில்லை. எண்ணூர் காட்டுப்பூ சங்கத்தில் பத்தொன்பது பேர் இருந்தது போய், இப்போது மூன்றே பேர். "இந்த ஐப்பசி நடையிலயும் புதுசா ஒரு பூகூட சிக்கலன்னா சங்கத்த மூடிரலாம் அண்ணாச்சி" என்று செயலாளர் ஷெர்லின் சொல்லிவிட்டாள். ஓய்வு பெற்ற பிறகு அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தது, காட்டுப்பூ தேடிப் போகும் அந்த ஞாயிற்றுக்கிழமை நடைக்காகத்தான்.

கண்வலி ஒரு காலத்தில் இங்கே மண்டிக் கிடந்ததாம். சங்கத்தின் எட்டு வருஷ நடையில் ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை.

மறுநாள் மூவரும் கிளம்பினார்கள். திருவொற்றியூரில் மளிகை மொத்தக்கடை நடத்தும் ஷெர்லின் நோட்டோடு வந்தாள். ராயபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஜஹானாரா விதை சேர்க்கக் காகித உறைகளோடு வந்தாள். முந்தின நாள் ராத்திரி பெய்த மழையில் தும்பை பளிச்சென்று வெளுத்திருந்தது. மணலில் அடப்பங்கொடி ஊதாவாய்ப் பூத்துக் கிடந்தது.

குழாய்ப் பாதை ஓரமாகப் போனபோது ஷெர்லின் கூவினாள்.

"அண்ணாச்சி, கண்வலி!"

கோதண்டம் திடுக்கிட்டார். அவருடைய செடி இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. குனிந்து பார்த்தார். மழையில் மேல்மண் கரைந்து, அடியில் செம்மண் எட்டிப் பார்த்தது.

'அடிப்பாவி, நீயுமா!' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வெளியே, "சோக்காக் கீதும்மா" என்றதோடு சரி.

கொஞ்ச தூரத்தில் பனைமரத்து அடியில் ஜஹானாரா ஒன்றைக் 'கண்டுபிடித்தாள்'. அங்கேயும் செம்மண். கோதண்டம் அதையும் தலையாட்டி ரசித்தார். வளைவு திரும்பியதும், சீமைக் கருவேலம் புதருக்குள் ஆள் உயரத்தில் மூன்று பூ ஒன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் இலையின் நுனியும் முள்ளைச் சுற்றிச் சுருண்டு இறுக்கப் பிடித்திருந்தது.

'இத்தினி முள்ளுக்குள்ள பூந்து வெச்சிகீறாளே, கைகாரிதான்' என்று ஷெர்லினை மனசுக்குள் மெச்சினார். கடைசியில் உடைந்த படகு வந்தது. தானும் தன் பங்குக்கு ஒரு சத்தம் போட்டு வைத்தார்.

கத்திவாக்கம் டீக்கடையில் ஷெர்லின் நோட்டைப் பிரித்தாள். குழாய், பனைமரம், புதர், படகு என்று நாலு வரி எழுதினாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"பொய் எழுத கை வரமாட்டேங்குது அண்ணாச்சி. அந்தக் குழாய் ஓரத்துச் செடி... நான்தான் வெள்ளிக்கிழமை வந்து நட்டேன்."

ஜஹானாராவுக்குப் புரையேறியது. "அட அல்லா! பனமரத்தாண்ட கீறது நான் வெச்சதுடி!"

கோதண்டம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப இத்தையும் கேட்டுக்கோ. ஒடஞ்ச படகாண்ட கீறது என்னுது!"

மூவரும் சிரித்த சிரிப்பில் டீ மாஸ்டர் அடுப்பை விட்டு எட்டிப் பார்த்தார். ஜஹானாரா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மூணு திருடங்க சேர்ந்து ஒரு சங்கம், நைனா!"

சிரிப்பு மெல்ல அடங்கியது. ஷெர்லின் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக அடிக்கத் தொடங்கினாள். குழாய் போயிற்று. பனைமரம் போயிற்று. கோதண்டம் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன பண்ணுவது? படகும் போயிற்று.

"புதர்ல இருந்ததும் உங்களதுதான, அண்ணாச்சி? ரெண்டு நட்டீங்களாக்கும்?"

"நானா? நீதான் ரெண்டு வெச்சன்னு நான் நெனச்சிகினு கீறேன்!"

"அய்யோ, நான் அந்த முள்ளுக்குப் பக்கத்துலயே போகல."

இருவரும் ஒன்றாகத் திரும்பி ஜஹானாராவைப் பார்த்தார்கள். அவள் டீ கிளாஸை மெதுவாகப் பெஞ்சில் வைத்தாள்.

"சத்தியமா நான் ஒண்ணுதான் வெச்சேன், நைனா!"