‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும்

“பிள்ளை, கூண்டில நிக்கிற உக்ரேன்காரனை முன்னம் தெரியுமோ? தெரிஞ்சால் நீர் மொழிபெயர்க்க ஏலாது” என்றார் வக்கீல் கிறிஸ்துநாயகம்.

“சட்டம் எனக்கும் தெரியும் அண்ணை. ஆளைத்தான் தெரியாது” என்றாள் ஷெறோன், வெடுக்கென்று. கீவில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியானவள். லண்டன் நீதிமன்றங்களில் அங்கே கற்ற உக்ரேனியப் பாஷைதான் அவளுக்குச் சோறு போட்டது.

‘அவர் சொல்கிறார்’ என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லக்கூடாது. கூண்டில் நிற்கிறவன் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.

“கிழவரை மோதிய காரை ஓட்டியது யார்?” என்று நீதிபதி கேட்டார்.

அவள் கேள்வியை உக்ரேனிய மொழியில் சொன்னாள். கூண்டில் நின்ற மிக்கோலா அவளைப் பார்க்காமலே பதில் சொன்னான்.

“நான்தான் ஓட்டினேன். பயத்தில் நிறுத்தாமல் போய்விட்டேன்” என்று அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெளியே வக்கீல் சிரித்தார். “என்ன பிள்ளை, நீர்தான் மோதின மாதிரிக் குரல் நடுங்கிச்சுது?”

“ஓம் அண்ணை. நான்தான்.”

அவர் இன்னும் பெரிதாகச் சிரித்துக்கொண்டு போனார்.

“நான் எப்படியும் ஊருக்குத் திரும்புகிறவன். உன் வேலை போகக்கூடாது” என்று விபத்தன்றே அவள் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவன் அவளுடைய கீவ் வகுப்புத் தோழன். மிக்கோலா சொன்னது முழுப் பொய். அவள் மொழிபெயர்த்ததுதான் உண்மை.